குளிரை மறைத்தல்

தக்காளிச் செடிக்கு மார்கழி தெரியாது. தெரியவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் 31 ஆண்டுகள் என் தொழிலாக இருந்தது.

நெதர்லாந்தின் மேற்குக் கரையில், டென் ஹாக் நகருக்கும் ஹூக் வான் ஹொலண்ட் துறைமுகத்துக்கும் நடுவில் வெஸ்ட்லாந்து என்றொரு பகுதி இருக்கிறது. அங்கே உயரமான ஓர் இடத்தில் ஏறி நின்று பார்த்தால் நிலம் கண்ணில் படாது, கண்ணாடிதான் படும். வீடுகளும் தேவாலயக் கோபுரங்களும் வாய்க்கால்களும் அந்தக் கண்ணாடிக் கூரைகளுக்கு இடையில் ஒதுங்கி நிற்கும். நான் வேலை செய்த தோட்டம் நான்கு ஹெக்டயர். எங்கள் யாழ்ப்பாணக் கணக்கில் ஏறத்தாழ 160 பரப்பு, அவ்வளவும் ஒரே கூரையின் கீழ். என் அப்பா புகையிலை செய்த தோட்டம் எட்டுப் பரப்பு. அதுவே எங்களுக்கு ஒரு உலகமாக இருந்தது.

ஒல்லாந்தர் இதைக் 'கஸ்' என்பார்கள். நாங்கள் எங்களுக்குள் கண்ணாடி வீடு என்போம். மார்கழி நடுவில் கன்று நடுவோம். பங்குனி பிறக்குமுன் முதல் பழம் பறிப்போம். கார்த்திகை வரை பறித்துக்கொண்டே இருப்போம். அதன் பிறகு எல்லாவற்றையும் பிடுங்கிக் கழுவி, இரண்டு மூன்று கிழமைக்குள் மறுபடி கன்று. வெளியே ஆண்டு எப்படிப் போனாலும் உள்ளே போகவேண்டிய ஆண்டு இதுதான்.

ஊரில் இருப்பவர்கள் இந்த நாட்டுக் குளிரை நினைக்கும்போது இடுப்பளவு பனியை நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கடல் பக்கத்தில் இருப்பதால் தை மாதச் சராசரியே மூன்று நான்கு பாகைக்கு நிற்கும். மழை, மூட்டம், ஈரக்காற்று. வடக்கே ஃபிரீஸ்லாந்தில் பதினொரு நகரங்களை இணைக்கும் உறைந்த வாய்க்கால்கள் வழியாக 200 கிலோமீற்றர் சறுக்கி ஓடும் பந்தயம் ஒன்று உண்டு. பனிக்கட்டி 15 சென்ரிமீற்றர் தடித்தால்தான் அதை நடத்துவார்கள். நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் மாசியில், 1985இல், அது நடந்தது. 22 ஆண்டுகளுக்குப் பிறகு நடக்கிறது என்று சொல்லி, தங்கியிருந்த விடுதியில் தொலைக்காட்சிக்கு முன்னால் கிழவர்கள் அழுதார்கள். மறு ஆண்டும் நடந்தது. பிறகு 1997 ஜனவரி 4ஆம் திகதி. அதோடு சரி. இன்றுவரை வாய்க்கால் அந்தத் தடிப்புக்கு உறையவில்லை.

நான் சொல்லவந்த கேள்வி இந்த மென்மையான குளிரில்தான் பிறந்தது. கடுங்குளிரில் யாருக்கும் அது தோன்றாது. வெளியே மைனஸ் 15 என்றால் கொதிகலனை மூட்டுவது உயிர் காக்கும் வேலை. அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் வெளியே எட்டுப் பாகை இருக்கும் ஓர் ஈர இரவில், கண்ணாடிக்குள் இருக்கும் தக்காளிச் செடி சாகப்போவதில்லை. பத்துப் பாகைக்குக் கீழே அதன் வளர்ச்சி ஏறத்தாழ நின்றுவிடும். பூ பிடிக்காது. இலை கறுத்துச் சுருங்கி, தன்னை ஒடுக்கிக்கொண்டு காத்திருக்கும். உறைபனி படாதவரை உயிர் இருக்கும். அதை நாங்கள் காத்திருக்க விடுவதில்லை. இரவு 16, 17 பாகை, பகல் 20, 21 என்று கணினியில் போட்டு வைத்திருப்போம். அந்த இரவுகளில் நாங்கள் காத்தது செடியின் உயிரையா, செடி காய்க்கவேண்டும் என்ற எங்கள் ஆசையையா?

இதைச் சும்மா கேட்கவில்லை. கொதிகலன் அறையின் பொறுப்பு என்னிடம் வந்த பிறகு, வெப்பநிலை தவறினால் இரவில் அழைப்பு எனக்குத்தான் வரும். சைக்கிளை எடுத்துக்கொண்டு போவேன். விடியும்வரை அங்கே தனியாக இருந்த இரவுகள் பல. அப்போது கேட்கத் தொடங்கியது இது.

வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்லவேண்டும். ஒவ்வொரு இரண்டு வரிசைக்கும் இடையில் நிலத்தோடு ஒட்டி இரண்டு இரும்புக் குழாய்கள் ஓடும். அவற்றுக்குள் சுடுநீர். அதே குழாய்கள்தான் தண்டவாளமும். பழம் பறிக்கும் வண்டியும், செடியை உயரத்தில் நின்று கட்டும் வண்டியும் அவற்றின் மேலேயே உருளும். தீ வரும் வழியில்தான் மனிதனும் போகவேண்டும் என்று யாரோ யோசித்து வைத்ததுபோல இருக்கும். கொதிகலனில் எரிவாயு எரியும்போது வரும் புகையைக் கூட வீணாக்குவதில்லை. அதைச் சுத்தமாக்கி, அதிலுள்ள கரியமில வாயுவைத் துளையிட்ட பிளாஸ்டிக் குழாய்களால் செடிகளின் அடியில் விடுவோம். செடிக்கு அது சோறு. அதற்காகவே கோடைப் பகலிலும் எரிப்பதுண்டு. அந்த நேரத்துச் சூட்டை மூன்று மாடி உயரமுள்ள தண்ணீர்த் தொட்டியில் சேர்த்து வைத்து இரவுக்குக் கொடுப்போம். 2005க்குப் பிறகு ரொட்டர்டாமின் பெர்னிஸ் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து அந்த வாயுவைக் குழாய்வழி வெஸ்ட்லாந்துக்கும் கொண்டுவந்தார்கள். அதனால் கோடை எரிப்பு குறைந்தது.

நான் இன்றுவரை மறக்காத விடயம் வேறொன்று. மென்குளிர் இரவுகளில் நாங்கள் பெரும்பாலும் எரித்தது சூட்டுக்காக அல்ல, ஈரத்துக்காக. வானம் வெளித்த இரவில் கண்ணாடி தன் சூட்டை மேலே கொடுத்துவிடும். அதைத் தடுக்கக் கூரையின் கீழே திரைகளை இழுத்து மூடுவோம். மூடினால் செடிகள் விடும் மூச்சு உள்ளேயே தங்கிவிடும். காற்று நனைந்து கனத்துப்போகும். விடிந்து வெய்யில் ஏறும்போது காற்று முதலில் சூடாகும், பழம் மெதுவாகத்தான் சூடாகும். குளிர்ந்த பழத்தின் மேல் வெயர்வைபோல நீர் கட்டும். அந்த நீரில் சாம்பல் நிறப் பூஞ்சணம் பிடித்தால் தண்டு முறியும். வரிசை வரிசையாகப் போகும். அதனால் சூரியன் வருவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பே குழாயைச் சூடாக்கி, பழத்தைத் தட்டி எழுப்புவதுபோல மெதுவாக எழுப்பவேண்டும். கூடவே கூரை ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து ஈரத்தை வெளியே விடவேண்டும். ஆம், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அடுப்பை எரித்தோம். வெளியே போகும் அந்தச் சூட்டைக் கூரைக்கு மேலே நடுங்கும் காற்றாகக் கண்ணால் காணலாம். எங்கள் முதலாளி மூன்று தலைமுறைத் தோட்டக்காரர், நல்ல மனிதர். "செடி யோசிக்காது, அதுக்காக நாங்கள்தான் யோசிக்கவேணும்" என்பார். நான் யோசித்தேன். அவர் நினைத்த திசையில் அல்ல.

ஊரில் எட்டாம் வகுப்பில் எங்களுக்குச் சைவசமயம் படிப்பித்த ஆசிரியர், மாலையில் கோயில் மடத்தில் வைத்துச் சித்தாந்தமும் சொல்லுவார். உண்மை விளக்கம் என்ற சிறிய நூலை வைத்து நடராசர் வடிவத்தை எங்களுக்கு விளக்கினார். உடுக்கையில் படைத்தல், அபயம் காட்டும் கையில் காத்தல், தீயேந்திய கையில் அழித்தல், ஊன்றிய காலில் மறைத்தல், தூக்கிய காலில் அருளல். நாங்கள் பிள்ளைகள், எங்களுக்கு நான்கு விளங்கியது, ஒன்று விளங்கவில்லை. கடவுள் எதற்கு மறைக்கவேண்டும்? திருடனல்லவா மறைப்பான் என்று ஒருவன் கேட்டே விட்டான். ஆசிரியர் கோபிக்கவில்லை. உயிர் பக்குவப்படாமல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கண்டால் தாங்காது, அது உலகத்தை உலகமென்று நம்பி, உண்டு, உழன்று, தன் வினையை அனுபவித்துத் தீர்க்கவேண்டும், அதற்கு ஒரு திரை வேண்டும், அந்தத் திரையும் அருள்தான் என்றார். திரோதானம் என்று பெயர் சொன்னார். அது மலங்களோடு நின்று வேலை செய்வதால் அதையும் மலம் என்று எண்ணுவார்கள். ஆனால் பக்குவம் வந்தபின் மறைத்த அதே சக்திதான் அருளாகத் திரும்பும் என்றார்.

பதின்மூன்று வயதில் கேட்டது. முப்பது வயதுக்கு மேல், மின்மோட்டார் நான்கு ஹெக்டயர் திரையை ஓரத்திலிருந்து ஓரம்வரை மெல்ல இழுத்து மூடும் சத்தத்தில் திரும்ப வந்தது. நாங்கள் செய்வது மறைத்தல் அல்லவா? செடிக்குக் குளிர்காலத்தை மறைக்கிறோம். பூக்களில் மகரந்தம் சேர்க்க அட்டைப்பெட்டிக் கூட்டில் வண்டுத்தேனீக்களைக் கொண்டுவந்து வைப்போம். வெளியே அவற்றின் இனத்து ராணி மண்ணுக்குள் உறங்கிக் கிடக்கும் மாதத்தில், உள்ளே இவை பூவுக்குப் பூ பறக்கும். அவற்றுக்கும் மறைக்கிறோம். அப்படியென்றால் இது அருளுக்குப் பக்கத்திலுள்ள வேலையா?

கொஞ்சக் காலம் அப்படி நம்பினேன். அந்த நம்பிக்கை எனக்கு வேண்டியிருந்தது. ஊரை விட்டு வந்தவன், அப்பாவின் தோட்டத்தை விட்டு வந்தவன், எதையாவது உயிரோடு வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். புகையிலைக் கன்று நட்ட அன்று, ஒவ்வொரு கன்றுக்கும் மேற்குப் பக்கமாக ஒரு பனையோலைத் துண்டைச் சாய்த்துக் குத்துவார். மறைப்பு என்றுதான் அதற்குப் பெயர். பின்னேர வெய்யில் கன்றைச் சுட்டுவிடாமல் இருக்க. அதிகாலையில் அண்ணன் துலா மிதிக்க, அப்பா பட்டையைப் பிடித்து இறைக்க, நான் பாத்திக்குப் பாத்தி தண்ணீரைத் திருப்பிவிடுவேன். நாலைந்து நாளில் கன்று தலை நிமிரும். அன்று காலை அப்பா வரிசையாகக் குனிந்து நடந்து ஓலைத்துண்டுகளைப் பிடுங்கிக்கொண்டே போவார். ஒரு முறை எனக்குப் பாவமாக இருந்தது. இன்னும் இரண்டு நாள் விடலாமே என்றேன். "இனியும் விட்டால் அது ஓலையை நம்பி வளரும். வெய்யிலைப் பாத்துப் பழகட்டும்" என்றார்.

மறைப்பைக் குத்தியவர் கையாலேயே எடுத்தார். ஆசிரியர் சொன்னதும் இதுதான் என்று நினைக்கிறேன். மறைத்தலை அருள் ஆக்குவது, ஒருநாள் அது எடுக்கப்படும் என்பதுதான். எடுப்பதற்கென்றே குத்தப்பட்ட ஓலை அது.

எங்கள் தக்காளிக்கு அந்த நாள் வரவே வராது. தண்டை உயரக் கம்பியில் கட்டி, வளர வளரக் கீழே இறக்கிப் பக்கவாட்டில் படுக்கவிடுவோம். கார்த்திகையில் ஒரு செடியின் தண்டு 12 மீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும். ஒருநாள் நுனியைக் கிள்ளுவோம். சில கிழமையில் தண்ணீரை நிறுத்துவோம். பிறகு வெட்டி, சுருட்டி, அரைக்கும் இயந்திரம். மழை எப்படி இருக்கும் என்று அந்தச் செடிக்குத் தெரியாது. அது மண்ணைக்கூடத் தொட்டதில்லை. உருக்கிய பாறையை நூலாக்கிச் செய்த பாளத்தில்தான் வேர் விட்டிருக்கும். நாங்கள் கொடுத்த சூடு அதனுடைய பக்குவத்துக்காக அல்ல, பழத்தின் பக்குவத்துக்காக. இரண்டும் ஒன்றல்ல என்று எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் பிடித்தன. வியாபாரம் குற்றமில்லை, ஊருக்குச் சோறு போடுவது புண்ணியமும்கூட. அதற்குக் காருண்யம் என்று பெயர் வைக்காமல் இருந்தால் போதும்.

செடியின் பக்கத்திலிருந்தும் எனக்கு இது தெரியும். 1985இல் இங்கே வந்த தமிழர்களுக்கென்று அரசாங்கம் ஒரு ஏற்பாடு செய்தது. மக்கள் அதை 'படுக்கை, குளியல், ரொட்டி' என்று அழைத்தார்கள். படுக்கத் தருவார்கள், குளிக்கத் தருவார்கள், உண்ணத் தருவார்கள். விடுதி அறை சூடாக இருந்தது. மற்ற அகதிகளுக்குக் கிடைத்த உதவிப்பணம் எங்களுக்குக் கிடையாது; கைச்செலவுக்குக் கொஞ்சம் சில்லறை. வேலை செய்ய முடியாது. உயிர் போகாது, வாழ்க்கை தொடங்காது. ஜன்னலுக்குக் கீழே ரேடியேற்றர் இருக்கும். அதன்மேல் கையை வைத்துக்கொண்டு வீதியில் போகும் பேருந்துகளை எண்ணுவேன். ஊரில் என்ன நடக்கிறது என்பது அந்த அறைக்குள் வராது. கடிதம் இரண்டு மாதம் பிந்தி வரும். எனக்கு அடைக்கலம் தந்த நாட்டைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அந்தச் சூடு இல்லாவிட்டால் நான் எங்கே போயிருப்பேன் என்று எனக்குத் தெரியும். ஆனால் சூடு கொடுப்பதும் வளரவிடுவதும் வேறு வேறு என்று உடம்பால் அறிந்தது அந்த அறையில்தான்.

இனி, அந்தச் சூடு எங்கிருந்து வந்தது என்பது.

1959இல், நாட்டின் வடகிழக்கு மூலையில், குரோனிங்கன் மாகாணத்தில், ஸ்லொக்டெரன் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கமக்காரனின் வயலுக்கு அடியில் எரிவாயு கண்டுபிடித்தார்கள். உலகத்தின் மிகப் பெரிய வாயுப் படுகைகளில் ஒன்று. பத்து ஆண்டுகள் முடிவதற்குள் ஏறத்தாழ நாடு முழுவதும் வீட்டுக்கு வீடு குழாய் போய்விட்டது. நிலக்கரி அடுப்புகளைத் தெருவில் தூக்கிப் போட்டார்கள். தோட்டக்காரர்களுக்குச் சலுகை விலை. அது நியாயமற்ற அரச உதவி என்று ஐரோப்பிய ஆணைக்குழு சொல்ல, வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம்வரை போய் 1988இல் ஆணைக்குழுவின் பக்கம் தீர்ந்தது. விலை பிறகு ஏறினாலும் வாயு என்றால் தண்ணீர் மாதிரி என்ற மனம் மாறவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தக்காளிக்கு ஒரு சதுர மீற்றருக்கு ஆண்டுக்கு 40 கன மீற்றர் வாயு என்பது சாதாரணக் கணக்கு. பழம் அதே சதுர மீற்றரில் 50 கிலோவுக்குச் சற்றுக் கூடக் குறைய. ஒரு கிலோ தக்காளிக்கு முக்கால் கன மீற்றருக்குச் சற்றுக் கூடத் தீ.

வாயுவை எடுக்க எடுக்க வடக்கில் நிலம் இறங்கியது, பிறகு அதிர்ந்தது. 2012 ஓகஸ்ட் 16ஆம் திகதி ஹுய்சிங்கே என்ற சின்னக் கிராமத்தில் 3.6 அளவில் நிலநடுக்கம். ஜப்பானில் அதை யாரும் கவனிக்கமாட்டார்கள். ஆனால் இங்கே அதிர்வு ஆழமில்லாத இடத்திலிருந்து வருகிறது, நிலம் களி, வீடு பழைய செங்கல். ஆயிரக்கணக்கான வீடுகளில் சுவர் வெடித்தது. என் மகள் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் படித்தாள். அவளோடு படித்த பெண்ணின் வீடு லொப்பர்சும் பக்கத்தில். ஒருமுறை அங்கே சாப்பிடப் போனோம். வெளிச்சுவரை மரக்கட்டைகள் முட்டுக்கொடுத்துத் தாங்கி நின்றன. உள்ளே, சாப்பாட்டு அறைச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. அந்த வெடிப்பு எந்தெந்த நாளில் எவ்வளவு தூரம் வந்து நின்றதோ அங்கெல்லாம் பென்சிலால் ஒரு கோடும் திகதியும். நாங்கள் பிள்ளைகளின் உயரத்தைக் கதவுநிலையில் குறிப்போமே, அதேபோல.

அந்த வீட்டு அம்மா என்னை என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். வெஸ்ட்லாந்து, தக்காளி, கொதிகலன் அறை. மேசையில் எல்லோரும் ஒரு கணம் கையை நிறுத்தினார்கள். அவர் சுவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். கோபமில்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போலக் கேட்டார்:

"தக்காளி நன்றாக இருந்ததா?"

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜேர்மன்காரர் எங்கள் தக்காளியைத் தண்ணீர்க் குண்டு என்றார்கள். வட்டமாக, சிவப்பாக, ருசியில்லாமல். அவர்கள் வாங்க மறுத்த பிறகுதான் இங்கே இனத்தை மாற்றினார்கள், கொத்தோடு விற்கத் தொடங்கினார்கள். அந்த அம்மாவுக்கு நான் பொய் சொல்லவில்லை. "பிறகு நன்றாக வந்தது. முதற் சில ஆண்டுகள் நன்றாக இருக்கவில்லை" என்றேன். அவர் தலையசைத்தார். கிழங்கு மசியலை என் பக்கம் தள்ளிவைத்தார். அன்றிரவு ரயிலில் நான் மகளோடு பேசவில்லை.

அந்தக் கேள்விக்குப் பிறகு என் பழைய கேள்வி வேறு உருவம் எடுத்தது. இறைவன் ஐந்தொழிலையும் சங்கற்ப மாத்திரத்தால் செய்கிறான், அதனால் அவனுக்கு விகாரமில்லை, களைப்பில்லை என்று சித்தாந்தம் சொல்லும். அவன் கையிலுள்ள தீக்கு விறகு வேண்டாம். நம் தீக்கு வேண்டும். அவனுடைய காத்தலைப் பார்த்து நம்முடைய காத்தலை அளக்கமுடியாதது இங்கேதான். மனிதன் ஒன்றைக் காக்கிறான் என்றால் எங்கோ ஒன்று எரிகிறது. அது தவிர்க்கமுடியாதது. அம்மா எனக்குக் கொடுத்த சோறும் அப்படித்தான். ஆனால் நாங்கள் செடிக்குக் குளிரை மறைத்ததோடு நிற்கவில்லை. எங்களுக்கு நாங்களே அடுப்பையும் மறைத்துக்கொண்டோம். குழாய் சுவருக்குள்ளே வந்தது. வாயுவுக்கு நிறமில்லை, நிலக்கரிபோலக் கை கறுக்கவில்லை, விறகுபோல முதுகு வலிக்கவில்லை. 200 கிலோமீற்றருக்கு அப்பால் ஒரு சுவர் வெடிப்பதை நான் கேட்கவேண்டியதில்லை. செடிக்கு மறைத்தது கூடப் பெரிதில்லை. காப்பவன் தனக்குத்தானே போட்டுக்கொண்ட திரைதான் எனக்குப் பாவமாகத் தெரிகிறது.

சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் நந்தாவிளக்குக்கான கொடைகள் நிறைய உண்டு. அணையாமல் எரியவேண்டிய ஒரு விளக்குக்கு 96 ஆடு. அந்த ஆடுகளைப் பொறுப்பேற்கும் இடையர் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்கவேண்டும். ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்று எழுதுவார்கள். பழையது சாகும், குட்டி பிறக்கும், எண்ணிக்கை குறையக்கூடாது. முன்பு இதைப் படித்தபோது பக்தியின் அழகை மட்டும் கண்டேன். இப்போது வேறொன்று தெரிகிறது. அந்தத் தீயின் கணக்கு முழுவதும் கோயில் சுவரிலேயே இருக்கிறது. யார் கொடுத்தான், எத்தனை ஆடு, எந்த இடையர், எவ்வளவு நெய். கும்பிட வருகிறவன் விளக்கைப் பார்க்கிற அதே இடத்தில் விளக்கு எதைத் தின்கிறது என்பதையும் பார்க்கலாம். பென்சில் கோடு போட்ட அந்தச் சாப்பாட்டு அறைச் சுவரும் எனக்கு ஒரு கல்வெட்டுத்தான். எங்கள் விளக்கின் கணக்கு அங்கே எழுதப்பட்டிருந்தது, நாங்கள் போய்ப் படிக்காத இடத்தில்.

குரோனிங்கன் கிணறுகளில் 2023 ஒக்ரோபர் முதலாந் திகதியோடு உற்பத்தியை நிறுத்தினார்கள். மறு ஆண்டு சட்டம் போட்டு நிரந்தரமாக மூடினார்கள். பாராளுமன்ற விசாரணைக்குழு, அந்த மக்களின் பாதுகாப்பைப் பணத்துக்குப் பின்னால் தள்ளினார்கள் என்று 2023இல் வெளிப்படையாக எழுதியது. தோட்டங்கள் வேறு வழி தேடுகின்றன. பிளெய்ஸ்வைக்கில் ஒரு தக்காளித் தோட்டம் 2007இலேயே நிலத்தைத் துளைத்து ஆழத்துச் சுடுநீரை எடுத்துச் சூடாக்கத் தொடங்கியது. இப்போது வெஸ்ட்லாந்திலும் அப்படிப் பல கிணறுகள். நல்லதுதான். ஆனாலும் அதுவும் நிலத்துக்குள் போகும் குழாய்தான், அதற்கும் சுவரில் ஒரு கணக்கு எழுதிவைக்கவேண்டும் என்றுதான் எனக்குப் படுகிறது.

நான் வேலையை விடுவதற்கு முந்திய குளிர்காலம் 2022. உக்ரேன் போர் தொடங்கிய ஆண்டு. ஒரு மெகாவாட் மணிக்கு 20 யூரோ அளவில் இருந்த வாயு விலை அந்த ஓகஸ்டில் 300ஐத் தாண்டியது. பல தோட்டங்கள் மார்கழியில் நடவேயில்லை. நாங்களும் நடவில்லை. குழாய் உறையாமல் இருக்கக் கொஞ்சம் சூடு, அவ்வளவுதான். தை மாதத்தில் ஓர் இரவு, அழைப்பு ஒன்றும் வராமலே, சைக்கிளில் போனேன். கதவைத் திறந்தபோது முகத்தில் வந்து மோதும் அந்த இலைவாசனை இல்லை. 31 ஆண்டுகளில் முதல் முறை. திரை திறந்து கிடந்தது. கண்ணாடிக்கு மேலே நட்சத்திரங்கள் இருந்தன. அந்த இடத்தில் நின்று அவற்றை நான் அதற்கு முன் கண்டதில்லை. வெண் பிளாஸ்டிக் விரித்த தரையில் வெறும் குழாய்கள் இரண்டிரண்டாகத் தூரத்துக்குப் போயின.

குனிந்து குழாயில் கை வைத்தேன். பழக்கம். குளிராக இருந்தது. எனக்கு அழுகை வந்தது. செடிக்காக அழவில்லை, அங்கே செடியே இல்லை. காப்பதற்கு ஒன்றும் இல்லாதபோது என் கைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்போதுதான் விளங்கியது: இவ்வளவு காலமும் அந்தச் சூடு எனக்கும் வேண்டியிருந்தது. விடுதி அறை ரேடியேற்றரில் வைத்த கையை நான் இன்னும் எடுக்கவில்லை.

இப்போது வீட்டில் இருக்கிறேன். இந்த நாட்டில் உள்ள எல்லாத் தமிழ் வீடுகளையும்போல எங்கள் வீட்டிலும் தொட்டியில் ஒரு கறிவேப்பிலை உண்டு. மனைவி அதை வரவேற்பறை ரேடியேற்றருக்குப் பக்கத்தில் வைத்து, ஐப்பசியிலிருந்து சூட்டை 21இல் வைத்திருப்பார். கன்றுக்காக. சென்ற குளிர்காலத்தில் நான் என் ஞானத்தை எல்லாம் சொல்லி, அதைப் படிக்கட்டுக்குக் கீழே, சூடு போடாத, ஜன்னலுள்ள நடைக்கு மாற்றினேன். பத்துப் பன்னிரண்டு பாகை இருக்கும். தண்ணீரைக் குறைத்தேன். இலை உதிரும், அது ஓய்வு, சாவல்ல, பங்குனியில் துளிர்க்கும் என்றேன். இலை உதிரத் தொடங்கியது. மனைவி ஒன்றும் சொல்லாமல் உதிர்ந்ததைப் பொறுக்கிக் காயவைத்தார். மூன்றாவது கிழமை தண்டு மட்டும் நின்றது.

ஒரு காலை எழுந்து வந்தபோது தொட்டி பழைய இடத்தில், ரேடியேற்றருக்குப் பக்கத்தில் இருந்தது. மண் ஈரமாக இருந்தது. சமையலறையில் மனைவி தேநீர் போடும் சத்தம். நான் தொட்டியைத் தூக்கவில்லை. நடைக்குப் போய்ப் படிக்கட்டின் கீழ் அலமாரியைத் திறந்து, வாயு மீற்றரில் எண்ணைப் பார்த்து வந்து, சமையலறை நாட்காட்டியில் அன்றைய திகதிக்குக் கீழே எழுதினேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"எவ்வளவு?" என்றார்.

சொன்னேன்.